விக்டோரியா கால மேடை நகைச்சுவையின் வார்ப்புப் பாத்திரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்களுடன் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாடகங்களை வாசித்துவரும் எனக்கு, ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே ஐயங்கள்தாம் வந்து சேர்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எளியவற்றை முதலிலும் சிக்கலானவற்றைப் பின்னரும் வைத்து விடை எழுதியிருக்கிறேன். இந்த நாடகங்களைத் தட்டையானவை என்று ஒதுக்குவோரே மிகுதி. அவ்வாறு ஒதுக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

விக்டோரியா கால நாடகம் என்றால் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை?

விக்டோரியா அரசி அரியணையில் இருந்த 1837 முதல் 1901 வரையிலான காலம். ஆனால் அது முழுவதும் ஒரே நிறமாக இருந்ததில்லை. முதல் கால் நூற்றாண்டின் நகைச்சுவை நாடகங்கள் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டின் பழக்கங்களையே தொடர்ந்தன. 1865-க்குப் பிறகு டி. டபிள்யூ. ராபர்ட்சன் ஒரு புதிய அடக்கத்தைக் கொண்டுவந்தார். அடுத்த முப்பது ஆண்டுகளில் கில்பர்ட், பினேரோ, ஆஸ்கர் வைல்ட் ஆகியோர் எழுதினார்கள்.

நினைவில் கொள்ள வேண்டிய இன்னோர் ஆண்டு 1843. அதற்கு முன் லண்டனில் வசன நாடகம் நடத்தும் முழு உரிமை ட்ரூரி லேன், காவன்ட் கார்டன் ஆகிய இரு அரங்குகளுக்கும், கோடைக்காலத்தில் ஹேமார்க்கெட் அரங்குக்குமே இருந்தது. அவ்வாண்டுச் சட்டம் அந்தத் தனியுரிமையை நீக்கியதால், உரிமம் பெற்ற எந்த அரங்கும் நகைச்சுவை நாடகம் போடலாம் என்றாயிற்று.

வார்ப்புப் பாத்திரம் என்றால் என்ன? எல்லா நாடகத்திலும்தானே அப்பா, மகள், வேலைக்காரன் எல்லாரும் வருகிறார்கள்?

வருகிறார்கள், ஆனால் வார்ப்புப் பாத்திரம் மேடையில் கால் வைத்த உடனேயே அவர் யார், என்ன செய்வார், எந்த இடத்தில் ஏமாறுவார் என்பதைப் பார்வையாளர் அறிந்துகொள்கிறார். உடை, நடை, குரல், பெயர் ஆகியவையே அதைச் சொல்லிவிடும். 1841-இல் காவன்ட் கார்டனில் மேடையேறிய, டயன் பூசிகால்ட் எழுதிய 'லண்டன் அஷ்யூரன்ஸ்' நாடகத்தில் எதற்கும் பதறாத பணியாளரின் பெயர் கூல்; வாய்த்துடுக்கான வேலைக்காரப் பெண்ணின் பெயர் பெர்ட்; எதிலும் மூக்கை நுழைக்கும் வழக்கறிஞரின் பெயர் மெடில். ஆங்கிலத்தில் இம்மூன்றும் அந்தந்தக் குணத்தையே குறிக்கும் சொற்கள் என்பதால், அறிமுகத்துக்கென்று தனிக் காட்சி தேவைப்படவில்லை.

இப்படி ஒரே மாதிரி ஆட்களை வைத்து எழுதியது நாடக ஆசிரியர்களின் சோம்பேறித்தனம்தானே?

இந்தக் கேள்வியைத்தான் நான் மிகுதியாகக் கேட்டிருக்கிறேன். என் விடை, இல்லை என்பதே. காரணம் எழுத்தாளரின் மேசையில் இல்லை, நாடகக் குழுவின் அமைப்பில் இருந்தது. அக்காலத்தில் ஓர் ஊரின் அரங்கில் நிலையான குழு ஒன்று ஆண்டு முழுவதும் தங்கி, வாரத்துக்குப் பல நாடகங்களை மாற்றி மாற்றி நடத்தியது. ஒரே இரவில் ஒரு பெரிய நாடகமும் அதைத் தொடர்ந்து ஒரு சிறு கேலி நாடகமும் நடக்கும். ஒத்திகைக்கு நேரம் மிகக் குறைவு. நடிகருக்கு முழு நாடகப் பிரதி கிடைப்பதும் அரிது; தம் வசனமும், அதற்கு முன் மற்றவர் பேசும் கடைசிச் சில சொற்களும் மட்டுமே எழுதிய தாள்கள் தரப்படும்.

இந்த நிலையில் ஒருவர் எப்போதும் ஒரே வகைப் பாத்திரத்தை ஏற்பதுதான் தொழிலை நடத்தும் வழி. முதியவர் வேடத்துக்கு அமர்த்தப்பட்டவர் எந்த நாடகத்திலும் முதியவராகவே வருவார். அதற்குரிய தலைமயிர்த் தொப்பியும் உடையும் கைத்தடியும் அவரிடமே இருக்கும். ஆசிரியரும் குழுவில் உள்ளவர்களை எண்ணியே எழுதினார். நம் ஸ்பெஷல் நாடக மேடையில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று தனித்தனியே அமர்த்தப்பட்ட நடிகர்கள் அன்றிரவு ஒன்றுகூடி நாடகத்தை நடத்திவிடுவதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அந்தப் 'பார்ட்' என்ற சொல்லே ஆங்கில மேடையிலிருந்து வந்ததுதான்.

அந்தக் குழுவில் என்னென்ன 'பார்ட்'கள் இருந்தன?

கதாநாயகனும் கதாநாயகியும், இளங்காதலர் இணை, கண்டிப்பான தகப்பனாராகவோ கொடியவராகவோ வரும் 'ஹெவி' நடிகர், முதல் முதியவர், முதல் முதியவள், கீழ்த்தட்டு மனிதர்களாக வந்து சிரிக்கவைக்கும் 'லோ காமெடியன்', ஆடிப்பாடும் சுட்டியான வேலைக்காரப் பெண், நல்ல உடையில் வந்து கதைக்குத் துணைநிற்கும் 'நடமாடும் கனவான்', எதற்கும் பயன்படும் துணை நடிகர்கள். இவர்களுள் குழுவின் வருவாய்க்கு உண்மையான ஆணிவேர் லோ காமெடியன்தான் என்பது என் எண்ணம். ஹேமார்க்கெட் அரங்கைப் பல ஆண்டுகள் நடத்திய ஜான் பால்ட்வின் பக்ஸ்டோன் மேடைக்கு வருமுன்பே, திரைக்குப் பின்னிருந்து அவர் குரல் கேட்டவுடன் அரங்கம் சிரிக்கத் தொடங்கிவிடும் என்பார்கள்.

இவையெல்லாம் ஆங்கிலேயர் உருவாக்கியவையா?

இல்லை. எஜமானனைவிட அறிவுள்ள அடிமை, காதலுக்குக் குறுக்கே நிற்கும் கஞ்சத் தகப்பன், வாய்ச்சொல் வீரனான போர்வீரன் ஆகியோர் பண்டைய ரோமானிய நகைச்சுவையிலேயே இருக்கிறார்கள். இத்தாலிய முகமூடி நாடகம் அவர்களை ஐரோப்பா முழுவதும் கொண்டுசென்றது. ஷெரிடனின் 'தி ரைவல்ஸ்' நாடகத்தில் 1775-இல் தோன்றி, பெரிய சொற்களை இடம் மாற்றிப் பயன்படுத்தும் திருமதி மாலப்ராப், பின்வந்த மேடைச் சீமாட்டிகள் பலருக்கு முன்னோடி. விக்டோரியா காலத்தவர் செய்தது, இந்தப் பழைய அச்சுகளில் தம் காலத்துப் பணத்தையும் வர்க்கத்தையும் வார்த்ததே.

டண்ட்ரியரி பிரபு என்று எங்கு பார்த்தாலும் வருகிறதே, யார் அவர்?

டாம் டெய்லர் எழுதிய 'அவர் அமெரிக்கன் கசின்' என்ற நாடகத்தில் வரும் அறிவு மந்தமான ஆங்கிலப் பிரபு. 1858-இல் நியூயார்க்கில் அது முதலில் நடிக்கப்பட்டபோது மிகச் சிறிய வேடம் அது. அதை ஏற்ற ஈ. ஏ. சதர்ன், மழலையும் திக்கலும் கலந்த பேச்சு, துள்ளலான நடை, தோள் வரை தொங்கும் கன்ன மீசை, ஒன்றோடொன்று குழம்பிப்போன பழமொழிகள் ஆகியவற்றைச் சிறிதுசிறிதாகச் சேர்த்து, நாடகத்தையே தம் வசமாக்கிக்கொண்டார். 1861-இல் லண்டன் ஹேமார்க்கெட்டுக்கு அது வந்தபோது மக்கள் அந்தப் பிரபுவைக் காணவே சென்றார்கள். அவ்வகைக் கன்ன மீசைக்கு அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. 1865 ஏப்ரல் 14 அன்று ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டபோது பார்த்துக்கொண்டிருந்ததும் இதே நாடகம்தான்.

பகட்டு இளைஞர் என்ற வகை அதற்கு முன்பே மேடையில் இருந்தது. நம் பக்கத்து மைனரைப் போல, உழைப்பறியாத செல்வமும் உடை மீதான கவனமும் அவருக்கு அடையாளம். சதர்ன் காட்டிய வழி என்னவென்றால், அச்சு எவ்வளவு பழையதாயினும் ஒரு நடிகரின் நுணுக்கம் அதற்குள் புதிய மனிதரை அமர்த்திவிடும் என்பதே. மேலே சோம்பேறித்தனம் பற்றிய கேள்விக்குச் சொன்ன விடையின் மறுபாதி இது.

ஏன் எல்லா நாடகத்திலும் ஒரு பணக்காரப் பெண்ணும், அவளைக் காவல் காக்கும் ஒரு கிழவரும், அவளைத் துரத்தும் ஒரு கடனாளியும்?

சட்டத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். திருமணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டங்கள் 1870-இலும் 1882-இலும் வருவதற்கு முன், மனைவி கொண்டுவந்த பணமும் நகையும் திருமணத்தோடு கணவனுக்கே உரியனவாகிவிடும். நிலத்தின் வருமானமும் அவன் கைக்கே போகும். தனி அறக்கட்டளை எழுதிவைக்கும் வசதி செல்வக் குடும்பங்களுக்கே இருந்தது. ஆகவே பணமுள்ள பெண்ணின் திருமணம் என்பது ஒரு சொத்து கைமாறும் நிகழ்ச்சி; காவலரும் கடனாளிக் காதலனும் அந்த நிகழ்ச்சியின் இரு கதவுகளில் நிற்பவர்கள்.

'லண்டன் அஷ்யூரன்ஸ்' நாடகத்தில் இளம்பெண் கிரேஸ் ஹார்க்கவேயின் சொத்து, முதுமையை ஒப்பனையால் மறைத்துக்கொள்ளும் சர் ஹார்கோர்ட் கோர்ட்லியை அவள் மணப்பதோடு முடிச்சிடப்பட்டிருக்கிறது. அவளைக் காதலிப்பவனோ அந்த முதியவரின் மகன் சார்ல்ஸ். வேறு பெயர் சூட்டிக்கொண்டு தந்தையின் முன்னாலேயே நின்று, தான் அவருடைய மகனே அல்லன் என்று அவன் நம்பவைக்கிறான். 1895-இலும் இந்த அச்சு தேயவில்லை. வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' நாடகத்தில் செசிலி என்ற இளம்பெண்ணின் பெயரில் 1,30,000 பவுண்டு இருப்பதாகக் கேட்ட நொடியில்தான் பிராக்னெல் சீமாட்டிக்கு அவள் அழகு கண்ணில் படுகிறது.

புதுப்பணக்காரர்களை மட்டும் ஏன் இவ்வளவு கேலி செய்தார்கள்?

வணிகத்தில் பொருள் சேர்த்தவர்கள் பழைய நிலவுடைமைக் குடும்பங்களோடு ஒரே வரவேற்பறையில் அமரத் தொடங்கிய காலம் அது. அந்த அமர்வின் சங்கடமே சிரிப்பாக மாறியது. ஹெச். ஜே. பைரனின் 'அவர் பாய்ஸ்' இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1875 ஜனவரியில் வாட்வில் அரங்கில் தொடங்கி 1879 வரை 1,362 முறை நடந்த நாடகம் அது.

அதில் ஒரு தகப்பனார் பரம்பரைப் பட்டம் பெற்ற சர் ஜெஃப்ரி சாம்ப்னிஸ். மற்றவர் வெண்ணெய் வணிகத்திலிருந்து ஓய்வுபெற்ற பெர்கின் மிடில்விக். வெண்ணெய்க்காரரின் மகன் பண்பும் அறிவும் உள்ளவனாகவும், பட்டம் பெற்றவரின் மகன் மந்தமான பகட்டு இளைஞனாகவும் இருப்பதுதான் பைரன் செய்த திருப்பம். தகப்பன்மாரோடு பிணங்கி மகன்கள் மலிவான வாடகை அறையில் வாழும்போது, அவர்களைத் தேடி வரும் மிடில்விக் மேசையில் இருந்த வெண்ணெயைச் சுவைத்து, அது தரத்தில் தாழ்ந்தது என்று கண்டுபிடித்துக் கலங்குகிறார். மகனின் வறுமை அவருக்குத் தம் தொழிலின் வழியாகவே புலப்படுகிறது. இதை வெறும் கேலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேலைக்காரர்கள் எஜமானரைவிடப் புத்திசாலிகளாக இருப்பது சமூக விமர்சனமா?

ஓரளவுக்கு மட்டுமே. முன்னர் சொன்ன ரோமானிய அடிமையின் வழிவந்தவர் அவர். அவருடைய அறிவு எஜமானரின் காதலை நிறைவேற்றவே செலவாகும், தமக்கென்று எதையும் அவர் மாற்றிக்கொள்வதில்லை. வைல்டின் அதே நாடகத்தில் வரும் லேன் என்ற பணியாளர், எஜமானர் முழுவதையும் தின்று தீர்த்துவிட்ட வெள்ளரிக்காய் சாண்ட்விச்சுக்காக, சந்தையில் வெள்ளரிக்காயே இல்லை, ரொக்கம் கொடுத்தாலும் கிடைக்கவில்லை என்று முகம் மாறாமல் பொய் சொல்லி வீட்டின் மானத்தைக் காக்கிறார்.

பெர்னார்ட் ஷாவிடம்தான் இது கூர்மையாகிறது. 1894-இல் வந்த 'ஆர்ம்ஸ் அண்ட் த மேன்' நாடகத்தின் லூக்கா என்ற பணிப்பெண், பணியாளாகவே வாழ்நாளைக் கழிக்க மறுத்து, வீரத்தின் உருவம் என்று கொண்டாடப்படும் செர்ஜியஸ் என்ற அதிகாரியையே மணம்பேசி முடிக்கிறாள்.

'பாக்ஸ் அண்ட் காக்ஸ்' கேலி நாடகம்தானே, அதில் பாத்திரம் என்று என்ன இருக்கிறது?

ஜான் மாடிசன் மார்ட்டன் எழுதி 1847-இல் லைசியம் அரங்கில் நடந்த ஓரங்க நாடகம் அது. இரவெல்லாம் அச்சகத்தில் வேலை செய்யும் பாக்ஸுக்கும், பகலெல்லாம் தொப்பிக் கடையில் வேலை செய்யும் காக்ஸுக்கும் ஒரே அறையை வாடகைக்கு விட்டு, இரட்டை வாடகை வாங்குகிறார் வீட்டுக்காரி பவுன்சர் அம்மாள். லண்டனின் இடநெருக்கடியும் தொழிலாளரின் இரவுப்பணியும் பேராசை கொண்ட வாடகை வீட்டுக்காரியும் சேர்ந்த இந்த ஏற்பாட்டில், குணம் என்பதைவிடச் சூழ்நிலையே சிரிக்கவைக்கிறது. கேலி நாடகத்துக்கும் நகைச்சுவை நாடகத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைக் கொண்டே விளக்குவது என் வழக்கம்.

ஆயினும் முடிவைப் பாருங்கள். பிரிந்த உறவினர் உடல் மச்சத்தால் ஒன்றுசேரும் உணர்ச்சி நாடக மரபை எடுத்துக்கொண்டு, உன் இடது கையில் செம்புற்றுப்பழ மச்சம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்க, மற்றவர் இல்லை என்கிறார். அப்படியானால் நீதான் என் தொலைந்த தம்பி என்று தழுவிக்கொள்கிறார்கள். வார்ப்புகளைப் பார்வையாளர் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஏழைகளையும் அயர்லாந்துக்காரர்களையும் இழிவாகக் காட்டினார்களா?

காட்டினார்கள், அதை மழுப்பக் கூடாது. குடித்துவிட்டு உளறும் அயர்லாந்துக்காரர், வட்டிக்கு விடும் யூதர் ஆகிய அச்சுகள் மேடையில் நெடுங்காலம் நிலைத்து, வெளியே வாழ்ந்த மனிதர்கள் மீதான வெறுப்புக்குத் துணைநின்றன. டப்ளினில் பிறந்த பூசிகால்ட் 'தி காலீன் பான்' (1860), 'தி ஷாக்ரான்' (1874) ஆகிய நாடகங்களில் அயர்லாந்துப் போக்கிரியைத் துணிவும் நுண்ணறிவும் கொண்ட நாயகனாக்கி, அந்த வேடங்களைத் தாமே நடித்தார். குடியையும் வேடிக்கையையும் அவர் விட்டுவிடவில்லை என்பதால் அதை முழு மாற்றம் என்று சொல்ல இயலாது.

ராபர்ட்சனின் 'காஸ்ட்' (1867) நாடகத்தில் வரும் எக்கல்ஸ், உழைப்பாளியின் உரிமையைப் பற்றி ஓயாமல் முழங்கியபடி ஒருநாளும் உழைக்காமல் குடிப்பவர். பேரக்குழந்தையின் கழுத்திலுள்ள தங்கம் பொதிந்த பவழ அணியைக்கூடக் கழற்றப் பார்க்கிறார். அவருக்கு எதிர்நிலையில் அதே வர்க்கத்தைச் சேர்ந்த, எரிவாயுக் குழாய் வேலை செய்யும் நேர்மையான சாம் கெரிட்ஜை ராபர்ட்சன் நிறுத்தியிருக்கிறார். இந்த நேர்மையைக் கவனிக்காமல் எக்கல்ஸை மட்டும் பேசுவது நாடகத்துக்குச் செய்யும் அநீதி.

உண்மையான மனிதர்களை, அரசியல்வாதிகளைக் கேலி செய்யலாமே, ஏன் வார்ப்புகளையே பிடித்துக்கொண்டார்கள்?

தணிக்கை இடம் கொடுக்கவில்லை. அரங்கேறும் ஒவ்வொரு புதிய நாடகமும் அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லைனின் அலுவலகத்தில் ஒப்புதல் பெற வேண்டும்; இந்த முறை 1968 வரை நீடித்தது. 1873-இல் கில்பர்ட் இணைந்து எழுதிய 'தி ஹாப்பி லேண்ட்' நாடகத்தில் மூன்று நடிகர்கள் பிரதமர் கிளாட்ஸ்டனையும் இரு அமைச்சர்களையும் போலவே ஒப்பனை செய்து வந்ததால் அதன் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. பெயரில்லாத பிரபுவோ நீதிபதியோ கேலிக்கு ஆளானால் யாரும் புகார் சொல்ல முடியாது.

ராபர்ட்சன் வந்தபின் வார்ப்புப் பாத்திரங்கள் ஒழிந்துவிட்டன என்று பாடத்தில் இருக்கிறதே?

பாடநூல்கள் இதை மிகைப்படுத்துகின்றன. மேரி வில்டன் நடத்திய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அரங்கில் ராபர்ட்சன் உண்மையான கதவுகளையும் மேசையில் உண்மையான தேநீரையும் வைத்தார். 'கோப்பையும் தட்டும்' நாடகம் என்று அதற்குப் பெயரே வந்தது. ஆனால் 'காஸ்ட்' நாடகத்தின் பட்டியலை மேலே சொன்ன 'பார்ட்'களோடு ஒப்பிட்டால், குடிகாரத் தகப்பன், கர்வமுள்ள சீமாட்டி, பகட்டு அதிகாரி, சுட்டிப்பெண் என எல்லாரும் அப்படியே இருப்பது தெரியும். மாறியது குரலின் அளவு. பகட்டு அதிகாரி ஹாட்ரீ பாதி நாடகத்துக்குப் பிறகு நட்பும் மென்மையும் உள்ளவராகத் தெரியத் தொடங்குகிறார்.

நிலையான குழுக்களைக் கரைத்தவை வேறு இரண்டு: இரயில் வண்டியும் நீண்டகால ஓட்டமும். ஒரே நாடகம் நூற்றுக்கணக்கான நாள் ஓடி, அதையே நடிக்கும் நகல் குழுக்கள் இரயிலில் ஊர்ஊராகச் சென்றபின், ஆண்டு முழுவதும் ஊரில் தங்கும் குழுவுக்கு வேலை இல்லாமற்போயிற்று. 1898-இல் பினேரோ எழுதிய 'டிரிலானி ஆஃப் த வெல்ஸ்' அந்தக் குழுக்களுக்கு எழுதிய அன்பு மிகுந்த நினைவுரை. அதில் துணை நடிகராக இருந்து நாடக ஆசிரியராகும் டாம் ரெஞ்ச் ராபர்ட்சனின் சாயலில் படைக்கப்பட்டவர்.

பிராக்னெல் சீமாட்டி எந்த அச்சு? அவரைப் பழைய சீமாட்டி என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

அது பாதி விடைதான். உடையும் குரலும் மேடைச் சீமாட்டியுடையவை. ஆனால் அவர் செய்யும் வேலை கண்டிப்பான தகப்பனாருடையது. மாப்பிள்ளையாக வந்த ஜாக்கைக் குறிப்பேடும் பென்சிலுமாக விசாரித்து, வருமானம், வீடு, அரசியல், பெற்றோர் என்று கேட்டு நிராகரிப்பவர் அவர். அவருடைய கணவரோ மேடைக்கு வருவதேயில்லை. இரண்டு பழைய 'பார்ட்'களை ஒருவரிடம் சேர்த்து, தகப்பனாரின் அதிகாரத்தைத் தாயிடம் கொடுத்ததே வைல்டின் வேலைப்பாடு.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். வயதான பெண்களை அக்கால மேடை பொதுவாகக் கருணையோடு நடத்தவில்லை. கில்பர்ட், சலிவன் இசை நாடகங்களில் காதலுக்கு ஏங்கும் முதிர்ந்த பெண், 'தி மிகாடோ'வின் கட்டிஷாவைப் போல, திரும்பத் திரும்ப எள்ளலுக்கு ஆளாகிறாள். பினேரோவின் 'தி மாஜிஸ்ட்ரேட்' (1885) நாடகத்தில் மறுமணத்தின்போது தம் வயதில் ஐந்தாண்டைக் குறைத்துச் சொன்ன விதவை அகதா, அதற்கு ஈடாக 19 வயது மகனை 14 வயதுச் சிறுவனாகக் காட்ட நேர்கிறது. குழப்பம் முற்றி, மாஜிஸ்ட்ரேட்டான அவருடைய கணவரே ஆள் தெரியாமல் அவருக்கு ஏழு நாள் சிறைத்தண்டனை விதிக்கிறார். விதவைக்கு மறுமணச் சந்தையில் வயது என்ன விலை என்பதை அந்தச் சிரிப்பு மறைக்கவில்லை என்றே நான் வாசிக்கிறேன்.

அப்படியானால் வைல்ட் பழையதைத்தானே மறுபடி எழுதினார்? இதில் மேதைமை எங்கே?

கூர்மையான கேள்வி. 1895-இல் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' நாடகத்தைப் பார்த்த ஷாவும், சிரிக்கவைத்ததே தவிரத் தம் உள்ளத்தைத் தொடவில்லை என்று குறைகூறினார். கில்பர்ட்டின் 'என்கேஜ்ட்' (1877) நாடகத்தோடு ஒற்றுமைகளும் உண்டு. அங்கே இன்னும் சாகாத ஒருவருக்காக மற்றொருவர் கறுப்புடை அணிந்து வருகிறார். காதல் துயரில் இருக்கும் பெண் இனிப்புப் பண்டங்களைத் தொடர்ந்து தின்கிறாள். வைல்டின் நாடகத்திலோ, உண்மையில் இல்லவே இல்லாத ஒரு தம்பிக்காக ஜாக் துக்கம் காக்கிறார். காதல் முறிந்த வேளையில் அவருடைய நண்பர் ஆல்ஜெர்னன் மஃபின் தின்கிறார். பிரிஸம் என்ற ஆசிரியை 28 ஆண்டுகளுக்கு முன் கைப்பையில் தொலைத்த குழந்தைதான் ஜாக் என்று தெரிவது, 'பாக்ஸ் அண்ட் காக்ஸ்' கேலி செய்த அதே மச்ச மரபு.

புதுமை எதுவென்றால், இந்த வார்ப்புகள் தாங்கள் வார்ப்புகள் என்பதை அறிந்தவர்கள் போலப் பேசுவதுதான். செசிலி தன் காதல் கதையை, காதலனைச் சந்திக்கும் முன்பே நாட்குறிப்பில் எழுதி, நிச்சயதார்த்தத்தையும் அதன் முறிவையும் அங்கேயே நடத்தி முடித்திருக்கிறாள். அச்சின் விதியைப் பாத்திரமே முன்கூட்டி நிறைவேற்றிவிடும்போது, ஆசிரியருக்கு மீதமிருப்பது சொல்லின் நயம் மட்டுமே. அந்த நயத்தில் வைல்டுக்கு நிகரானவர் அக்காலத்தில் இல்லை.

கல்லூரி விழாவில் இவற்றை நடிக்கப்போகிறோம். வார்ப்புப் பாத்திரம் என்பதால் மிகைப்படுத்தி நடிக்கலாமா?

கூடாது. தலைமயிர்த் தொப்பியும் குரலும் மிகையைத் தாமாகவே தருகின்றன. அதன்மேல் நடிகரும் கண்சிமிட்டினால் பார்வையாளருக்குச் சிரிக்க ஒன்றும் மீதமிருக்காது. 1892-இல் தொடங்கி லண்டனில் 1,466 முறை நடந்த 'சார்லிஸ் ஆன்ட்' நாடகத்தில், அத்தை வேடம் போடும் மாணவனைப் பெண்ணைப்போல் நளினம் காட்டவைக்கத் தேவையில்லை. அவன் தப்பிக்க முடியாத இக்கட்டில் இருப்பதை மெய்யாக நம்பி நடித்தால் போதும்.

'என்கேஜ்ட்' நாடகத்தின் அச்சுப் பிரதியில் கில்பர்ட்டே நடிகர்களுக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். தொடக்கம் முதல் முடிவு வரை முழு மெய்ப்பாட்டோடும் கண்ணியத்தோடும் நடிக்க வேண்டும், உடையிலோ ஒப்பனையிலோ நடையிலோ மிகை இருக்கலாகாது, தம் சொற்களின் அபத்தத்தைத் தாம் உணர்ந்திருப்பதாக எந்த நடிகரும் காட்டிக்கொண்டால் நாடகம் இழுக்கத் தொடங்கிவிடும் என்பது அதன் சாரம். ஒத்திகையின் முதல் நாளன்று அனைவருக்கும் அதைப் படித்துக்காட்டுங்கள்.